அச்சேறிய தாளில் ஒரு கோடு
குன்றாண்டார்கோவிலில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்

பழைய புத்தகத்தின் தாளில், முன்கூட்டித் திட்டமிடாமல், அந்த நேரத்தில் கை போகிற போக்கில் படம் வரைகிற ஒரு கலை இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. பழைய பேப்பர்க் கடையில் கிடக்கும் அட்டை போன நாவலையோ, பாடத்திட்டம் மாறியதால் பயனற்றுப்போன பாடநூலையோ, ஆண்டு முடிந்த பஞ்சாங்கத்தையோ எடுத்துக்கொள்கிறார்கள். அச்சிட்ட வரிகளின் மேலேயே மையால் கோடு இழுக்கிறார்கள். சில சொற்களை மட்டும் விட்டுவிட்டு மீதியை வண்ணத்தால் மூடுகிறார்கள். வேறொரு புத்தகத்தின் துண்டைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். இதைக் கேட்டதும் நம்மில் பலர் முகம் சுளிப்போம். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் இது கலைதான் என்றும், நம் ஊர்ப் பிள்ளைகளின் கைக்கு வர வேண்டிய கலை என்றும் சொல்லவே வந்திருக்கிறேன். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வரைகிறவர் அந்தத் தாளை முதலில் வாசித்திருக்க வேண்டும். அதில் உள்ளது வேறெங்கோ பத்திரமாக இருக்கிறது என்பதை உறுதி செய்திருக்க வேண்டும். இவை இரண்டும் இருந்தால், வரையும் கோடு பழைய எழுத்துக்குச் சொல்லும் மறுமொழி ஆகும். இல்லையென்றால் அதை அழிப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் கூச்சத்தையே எடுத்துக்கொள்வோம். புத்தகம் கலைமகளின் வடிவம், அதில் கிறுக்கலாமா என்று கேட்பவர்கள் தமிழ் ஏடுகளுக்கு நேர்ந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் ஏடுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் தேடிப் போனபோது அங்கே ஏடுகள் இல்லை. பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட வேண்டும் என்று சாத்திரம் சொல்கிறதாம். அப்படியே செய்துவிட்டோம் என்று பதில் வந்தது. அந்த ஏடுகளை யாரும் அலட்சியத்தால் எரிக்கவில்லை, பக்தியோடுதான் எரித்தார்கள். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்களும் அவற்றைப் புனிதமாக நினைத்துத்தான் விட்டார்கள். அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவும், படி எடுத்து வைக்கவும்தான் ஆள் இல்லாமல் போனது. ஆகவே, தொட்டுக் கும்பிடுவதால் ஒரு நூல் பிழைத்துவிடாது. வாசிப்பதாலும் படியெடுப்பதாலும்தான் பிழைக்கும். இன்றைக்கும் சரசுவதி பூசையன்று அடுக்கி வைத்துச் சந்தனம் தெளித்த அதே புத்தகங்கள் வீடு மாறும்போது எடைக்குப் போகின்றன. அங்கிருந்து வேர்க்கடலைப் பொட்டலமாகின்றன, அல்லது கூழாக அரைபடுகின்றன. பொட்டலமாகப் போகும் தாளில் ஒரு குழந்தை படம் வரைந்தால் கலைமகளுக்கு அதில் என்ன குறை? அந்தக் குழந்தையாவது அந்தத் தாளை ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்திருக்கும்.

உற்றுப் பார்த்தால் என்ன தெரியும்? 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான ஒரு தமிழ்ப் பக்கத்தைக் கையில் எடுங்கள். லை, ளை, ணை, னை ஆகியவை துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இன்றைய பள்ளிப்பிள்ளை அவற்றை எழுத்தாக உணர்வதற்கு முன்னால் உருவமாகவே பார்த்துவிடும். தாளின் பின்பக்கத்தில் விரலை ஓட்டினால் ஈய அச்சு அழுந்திய மேடு தட்டுப்படும். ஓரங்கள் பழுத்திருக்கும், நடுப்பகுதி வெளுத்திருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழில் செய்த தாளும், மை ஊறாமல் இருக்க அதில் சேர்த்த படிகாரமும் காலப்போக்கில் அமிலமாக மாறித் தாளை அரிப்பதால் வரும் பழுப்பு அது. ராமபாணப் பூச்சி துளைத்த வழி முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரைக்கும் போயிருக்கும். இந்தத் தாளில் தூரிகையை வைத்தால் வெள்ளைத் தாளில் நடப்பது நடக்காது. தாளின் பழைய பூச்சு போய்விட்டதால் நீர்வண்ணம் நினைத்த இடத்தில் நிற்காமல் இழை வழியே பரவும். மை சில இடங்களில் கசியும். மடிப்பு விழுந்த இடத்தில் கோடு தடுக்கும். வெள்ளைத் தாள் வரைகிறவரின் சொல்லுக்கு அப்படியே கட்டுப்படும். பழைய தாள் எதிர்த்துப் பேசும். அந்த எதிர்ப்பேச்சுக்குக் கை அந்தக் கணத்தில் சொல்லும் பதில்தான் இந்தக் கலையின் உயிர். புள்ளி வைத்துக் கோலம் போடுகிற பெண்ணின் கை இதை நன்றாக அறியும். புள்ளிகள் இருப்பதால் அவள் சுதந்திரம் குறைவதில்லை. அவற்றை வளைத்துச் செல்லும்போதுதான் இழைக்கு ஓட்டம் வருகிறது. அச்சு வரிகளும் வார்த்தைகளுக்கு நடுவே விழும் வெள்ளை இடைவெளிகளும் இங்கே புள்ளிகளாக நிற்கின்றன.

கிறுக்கலிலிருந்து கலை பிறக்குமா என்ற ஐயத்துக்கு வங்கத்தில் பதில் கிடைத்திருக்கிறது. ரவீந்திரநாத் தாகூர் கவிதைகளைத் திருத்தும்போது அடித்த சொற்களை அப்படியே விடுவதில்லை. ஓர் அடித்தலையும் இன்னோர் அடித்தலையும் கோட்டால் இணைப்பார். பக்கத்தில் பறவையோ விலங்கோ முகமோ எழும். 1924இல் அவர் ஆர்ஜென்டினாவில் தங்கியிருந்தபோது ‘பூரபி’ கையெழுத்துப்படியில் இந்த உருவங்களைப் பார்த்து வியந்தவர் விக்டோரியா ஒகாம்போ. 1930 மே மாதத்தில் பாரிஸில் தாகூரின் ஓவியங்களுக்கு முதல் கண்காட்சி நடக்க உதவியவரும் அவரே. அறுபது வயதைத் தாண்டி ஓவியத்துக்கு வந்த தாகூர் ஈராயிரத்துக்கும் மேல் வரைந்து முடித்தார். எழுத்தின் சிதைவே அவருக்கு ஓவியப்பள்ளி. அவருடைய உறவினரான அபனீந்திரநாத் தாகூரும் தம் முதுமையில் ‘குத்தூர் ஜாத்ரா’ என்று இராமாயணத்தை நாடகமாக எழுதி, அந்தக் கையெழுத்துப்படி முழுக்கச் செய்தித்தாள் விளம்பரங்களையும் படங்களையும் வெட்டி ஒட்டினார். சென்னையிலும் இதற்கு நெருக்கமான ஒரு முயற்சி நடந்தது. கலைக்கல்லூரியின் முதல்வராக இருந்தவரும் 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவியவருமான கே.சி.எஸ். பணிக்கர், 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையை வரைந்தார். சாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், வாசிக்க முடியாத எழுத்து வரிசைகள் என்று அவருடைய திரையே எழுதப்பட்ட ஏட்டின் தோற்றத்தைப் பெற்றது. எழுத்து நிரம்பிய பக்கம் ஓவியத்துக்குத் தகுந்த நிலம் என்பதை நம் மண்ணின் ஓவியர்களே கண்டு சொல்லிவிட்டார்கள்.

இனி அச்சான புத்தகத்தின் மேலேயே வாழ்நாள் முழுக்க வேலை செய்த ஒருவரைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்து ஓவியர் டாம் ஃபிலிப்ஸ் 1966இல் லண்டனின் பெக்கம் ரை பகுதியில், மூன்று பென்ஸ் விலைக்குக் கிடைக்கும் முதல் புத்தகத்தை எடுத்து அதிலேயே வேலை செய்வது என்று முடிவு செய்தார். கைக்கு வந்தது டபிள்யூ.எச். மல்லாக் எழுதிய ‘எ ஹியூமன் டாக்குமென்ட்’ என்ற, 1892இல் வெளிவந்து மறக்கப்பட்ட நாவல். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் சில சொற்களை மட்டும் தீவுகளாக விட்டு, மீதியை மையாலும் வண்ணத்தாலும் மூடினார். ‘எ ஹியூமமென்ட்’ என்ற புதிய நூல் பிறந்தது. திருத்தித் திருத்திப் பல பதிப்புகள் வந்தன. கடைசிப் பதிப்பு 2016இல். அரை நூற்றாண்டு ஒரே நாவல்! அவர் படைத்த கதைமாந்தர் டோஜ், மல்லாக்கின் பக்கத்தில் ‘டுகெதர்’ அல்லது ‘ஆல்டுகெதர்’ என்ற சொல் இருக்கும் இடங்களில் மட்டுமே தோன்றுவார். அந்தச் சொற்களுக்குள்ளிருந்துதான் அவர் பெயரே கிடைக்கிறது. கை போகிற போக்கு என்று நான் சொன்னதற்குள் எவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது என்பதைப் பாருங்கள். அந்த நாவலை ஃபிலிப்ஸ் அளவுக்குத் திரும்பத் திரும்ப வாசித்தவர் இன்னொருவர் இருந்திருக்க முடியுமா? மல்லாக்கின் பெயரை இன்று நாம் உச்சரிப்பதற்கும் காரணம் அந்தக் கோடுகள்தான். மூல நாவலும் அழிந்துவிடவில்லை. அச்சுப் படிகள் நூலகங்களில் இருக்கின்றன. ஃபிலிப்ஸே தம் வேலைக்காக வேறு பிரதிகளையும் தேடி வாங்கினார்.

யார் வேண்டுமானாலும் இப்படிக் கோடு போடலாமே, இதில் என்ன கலை என்பது அடுத்த மறுப்பு. யார் வேண்டுமானாலும் போடலாம் என்பது உண்மை. அதை நான் இந்தக் கலையின் சிறப்பாகவே எண்ணுகிறேன். விலை உயர்ந்த தாளை வாங்க முடியாத பிள்ளைக்கு இங்கே வாசல் திறந்திருக்கிறது. வெள்ளைத் தாளைப் பார்த்து மிரளும் பிள்ளைக்கும் இங்கே பிடித்துக்கொள்ள ஓர் எழுத்து இருக்கிறது. போட்டதெல்லாம் கலையாகிவிடுமா என்றால், ஆகாது. அதைக் கண்டறியும் வழி எளிது. அந்தப் படத்தை அந்தத் தாளிலிருந்து பிரித்து வெறும் தாளில் வைத்தால் ஒன்றும் குறையவில்லை என்றால், தாள் அங்கே வெறும் அலங்காரம். பிரித்தால் படத்தின் பொருளே போய்விடும் என்றால், வரைந்தவர் வாசித்திருக்கிறார். 1875 முதல் 1878 வரை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மேரியன் கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்த செயென், கயோவா முதலான இனங்களைச் சேர்ந்த பழங்குடி வீரர்கள் தங்கள் வேட்டைகளையும் போர்களையும் குதிரைகளையும் ஏடுகளில் வரைந்தார்கள். அதற்கு முன்பே அவர்களுடைய இனத்தார் வெள்ளையரின் கணக்குப் பேரேடுகளில் வரையப் பழகியிருந்தார்கள். வரவும் செலவும் எழுதிய வரிகளின் குறுக்கே குதிரைகள் பாய்கின்றன. கணக்கெழுதியவர்கள் யாருடைய நிலத்தைப் பிடித்தார்களோ, அவர்களே அந்தக் கணக்கின் மேல் தங்கள் வரலாற்றை எழுதியிருக்கிறார்கள். அந்தத் தாளிலிருந்து அந்தக் குதிரையைப் பிரிக்க முடியாது.

இப்போது என் நிபந்தனையின் கடுமையான பகுதிக்கு வருகிறேன். ஒன்றே ஒன்றாக இருக்கும் பிரதியில் கை வைத்தால் என்ன நடக்கும் என்பதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். நம் புதுக்கோட்டை மாவட்டமே சாட்சி. குடுமியான்மலைக் குன்றில் கிரந்த எழுத்தில் வெட்டிய இசைக் கல்வெட்டு இன்றும் நிற்கிறது. இந்திய இசையின் வரலாறு எழுதும் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. அதேபோல ஓர் இசைக் கல்வெட்டு திருமயம் சிவன் குகைக்கோயிலிலும் இருந்தது. அங்கே சைவர்க்கும் வைணவர்க்கும் இருந்த வழக்கை 13ஆம் நூற்றாண்டில் ஒய்சளத் தண்டநாயகர் முன்னிலையில் தீர்த்து, தீர்ப்பைச் சுவரில் வெட்டியபோது, இசைக் கல்வெட்டின் பெரும்பகுதி சிதைந்துபோனது. தீர்ப்பு வேண்டியதுதான், அது இரு சமயத்தாரையும் ஒன்றாக வாழவைத்த நல்ல தீர்ப்புதான். ஆனால் அதற்கு வேறு சுவர் இல்லாமலா போயிற்று? உளியை எடுத்தவர், கீழே இருந்ததை வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்து ஓலையில் ஒரு படி எடுக்கச் சொல்லியிருந்தால், இன்று நம்மிடம் இரண்டு பாடங்கள் இருக்கும்.

இதைவிடக் கொடியது, பணத்துக்காகப் படம் வரைந்து மூடுவது. ஆர்க்கிமிடீஸின் நூல்களைப் பத்தாம் நூற்றாண்டில் தோலில் படியெடுத்திருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் அந்தத் தோலைச் சுரண்டி, அதன் மேல் வழிபாட்டு நூலை எழுதினார்கள். தோலுக்குப் பஞ்சம் இருந்த காலம் என்று அதையாவது புரிந்துகொள்ளலாம். 20ஆம் நூற்றாண்டில் ஒருவர் அதே நூலின் நான்கு பக்கங்களில், பழைய பைசாந்திய ஓவியம் போலத் தோன்றும்படி, பொன்னும் வண்ணமும் பூசி நற்செய்தியாளர் உருவங்களை வரைந்தார். நூலின் விலையை உயர்த்துவதே நோக்கம். 1938க்குப் பிறகே சந்தைக்கு வந்த பச்சை நிறமி அந்தப் படங்களில் இருந்ததால் குட்டு உடைந்தது. அடியில் புதைந்த கணிதத்தை வாசிக்க எக்ஸ் கதிர்க் கருவிகள் தேவைப்பட்டன. இதெல்லாம் ஐரோப்பாவின் கதை என்று இருந்துவிட முடியாது. ஜெய்ப்பூரிலும் உதய்ப்பூரிலும் சுற்றுலாப் பயணிகளுக்காக, பழைய பாரசீக, உருதுக் கையெழுத்து ஏடுகளின் தாள்களிலும் பழைய முத்திரைத்தாள்களிலும் யானை, ஒட்டகம், அரசகுமாரி என்று வரைந்து விற்கும் தொழில் நடக்கிறது. வரைகிறவரின் கைத்திறனில் குறை இல்லை. ஆனால் அந்தத் தாள் ஒரு கையெழுத்து ஏட்டிலிருந்து பிய்த்தது. அதற்கு இன்னொரு பிரதி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அதில் எழுதியிருப்பது கவிதையா, மருத்துவமா, நிலப்பத்திரமா என்று வரைகிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. பழைமை அங்கே விலை ஏற்றும் சாயம், அவ்வளவே. இந்தத் தொழிலை நான் கண்டிக்கிறேன்.

படியெடுத்துவிட்டு மாற்றுவது என்கிற முறையை நாம் வெளியிலிருந்து கற்க வேண்டியதில்லை. கொள்ளிடக்கரைத் திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் சுவரில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொன்னான். அவன் மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், 1026 வாக்கில், அவை மீண்டும் புதிய கல்லில் வெட்டப்பட்டன. இடையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்த எழுத்துகள் ஓலையில் காத்திருந்தன. பேரரசனே ஆனாலும் பழைய எழுத்தைத் தொடுவதற்கு முன் படி எடுக்க வேண்டும் என்று வைத்திருந்த நாடு இது. நாம் கூடியிருக்கும் இந்த ஊரும் அதே பண்பை இன்னொரு வகையில் காட்டுகிறது. குன்றைக் குடைந்த கோயிலில் நந்திவர்மன், தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. திருவாதிரை நாளில் நூறு பேருக்குச் சோறிடக் கொடுத்த அரிசியைப் பற்றிச் சொல்கின்றன. பிற்காலத்தார் வந்தார்கள், தங்கள் காலத்தின் கற்பனையில் சக்கரமும் குதிரைகளும் பூட்டிய தேர் போல நூற்றுக்கால் மண்டபம் எழுப்பினார்கள். குடைவரையைப் பெயர்க்காமல், எழுத்தைக் கொத்தாமல், அதற்கு முன்னால் தங்கள் கலையைச் சேர்த்தார்கள். ஒரு காலத்தின் மேல் இன்னொரு காலம் ஏறி நிற்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் இந்த வட்டாரத்தில் குறைவு.

எது ஒற்றைப் பிரதி, எது ஆயிரத்தில் ஒன்று என்று சாதாரண மனிதர் எப்படி முடிவு செய்வது என்று கேட்பீர்கள். இதுதான் எனக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவான கேள்வி. தமிழில் அச்சான நூல்கூட அரிதாகிவிடும். 19ஆம் நூற்றாண்டில் சில நூறு படிகள் அச்சிட்ட சிறு நூல், குஜிலிக் கடைகளில் மலிவாக விற்ற பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ் இவற்றில் பல இன்று ஓரிரு இடங்களில் மட்டுமே இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றியவர்களில் ஒருவர், கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதிய ஓவியர் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. தூரிகை பிடித்த கைதான் பழைய தாள்களைப் பொறுக்கிச் சேர்த்தது. அவர் 1992இல் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைக் கொண்டு சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. ஓவியரும் நூலகரும் பகைவர்கள் என்ற நினைப்பை அவர் வாழ்க்கையே மறுக்கிறது. நமக்கு இன்னும் அருகில், புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில், கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் சேர்ந்து தங்கள் சம்பாத்தியத்தில் உருவாக்கிய ஞானாலயா இருக்கிறது. முதற்பதிப்புகளுக்குப் பெயர் பெற்ற நூலகம். ஆகவே அந்தக் கேள்விக்கு என் பதில் இதுதான்: கையெழுத்தில் உள்ளது எதுவானாலும் அதில் வரையக் கூடாது. கடிதமோ, கணக்கோ, வைத்தியக் குறிப்போ, அதற்கு இரண்டாவது பிரதி கிடையாது. அச்சு நூலாக இருந்தால், நாடு விடுதலை பெறுவதற்கு முன் வந்ததை நூலகத்தாரிடம் காட்டாமல் தொடக் கூடாது. அதற்குப் பின் லட்சக்கணக்கில் அச்சான பாடநூல், நோட்ஸ், ரயில் கால அட்டவணை, தொலைபேசி விவரப் புத்தகம், வார இதழ் இவற்றில் தாராளமாக வரையலாம். ஐயமாக இருந்தால், தலைப்புப் பக்கத்தையும் வரையப்போகும் பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். இராசராசன் காலத்தில் ஓலை தேடி, எழுத்தரைத் தேடிச் செய்ததை இன்று ஒரு நிமிடத்தில் செய்யலாம்.

நூலாசிரியருக்கு இது அவமரியாதை ஆகாதா? அவர் உயிரோடிருந்தால், அவர் பக்கத்தில் வரைந்ததை விற்பதற்கு முன் அவரைக் கேட்பதுதான் முறை. இறந்து அறுபது ஆண்டு கழியும் வரை சட்டமும் அவர் குடும்பத்துக்கு உரிமை தருகிறது. அதற்கு அப்பால், வாசிக்க ஆளில்லாமல் கிடக்கும் நூலை ஒரு பிள்ளை வரிவரியாகப் பார்த்து, பிடித்த சொல்லைச் சுற்றிக் கோடு போட்டு, பிடிக்காத வாதத்தைக் கருப்பால் மூடினால், அந்த நூலுக்கு ஒரு வாசகர் கிடைத்திருக்கிறார் என்றுதான் நான் கணக்கிடுவேன். மூடிய வாதம் மற்றப் பிரதிகளில் அப்படியே இருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பக்கங்களைத் தனித்தனியாகக் கிழித்துவிடாதீர்கள். பழங்குடி வீரர்களின் பேரேடுகளை வணிகர்கள் தாள்தாளாகப் பிய்த்து விற்றதால், எந்தப் படத்துக்குப் பின் எந்தப் படம் என்ற வரிசையே பலவற்றில் தொலைந்துபோனது. புத்தகமாகவே வைத்து வரைந்தால் கதை நிற்கும். தளர்ந்த முதுகை ஒட்டப் பசை காய்ச்சும்போது, பைண்டிங் செய்கிறவர்கள் சேர்ப்பது போலக் கொஞ்சம் மயில்துத்தம் சேர்த்துக்கொண்டால் பூச்சி அண்டாது. அது நஞ்சு, அந்த வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும்.

இந்த ஒன்றியத்தின் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆண்டு முடிவில் எடைக்குப் போகும் பழைய பாடநூல்களில் வகுப்புக்குப் பத்தை ஒதுக்கி வையுங்கள். பிள்ளைகளிடம் முதல் நாள் ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். மறுநாள் அதே பக்கத்தில் வரையச் சொல்லுங்கள். ரப்பர் கொடுக்காதீர்கள். பெற்றோர்களிடம் ஒன்று: வீட்டுப் பரணில் துணியில் கட்டிய பழைய ஏடோ, பழுத்த புத்தகமோ இருந்தால், அதைப் பழைய பேப்பர்க் கடைக்கும் கொடுக்காதீர்கள், பிள்ளைகள் கையிலும் வண்ணத்தோடு கொடுக்காதீர்கள். முதலில் திருக்கோகர்ணத்து ஞானாலயாவுக்கு எடுத்துச் சென்று காட்டுங்கள்.